துரோகம் வேறு, விரோதம் வேறு: ‘தேசவிரோதி’ என்ற சொல்லைப் பற்றி

2021 டிசம்பரில் மக்களவையில் ஒரு கேள்வி எழுந்தது. ‘தேசவிரோதி’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறதா? உள்துறை இணை அமைச்சர் நித்யானந்த் ராய் எழுத்து மூலம் தந்த பதில் சுருக்கமானது: எந்தச் சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை.

தொலைக்காட்சி விவாதங்களில் ஓயாமல் கேட்கும் சொல். தேர்தல் மேடையில், வாட்ஸ்அப் குழுவில், சில வீடுகளில் சாப்பாட்டு நேரத்திலும்கூட எடுத்து வீசப்படும் சொல். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அது அங்கே இல்லை. அப்படியென்றால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது, பத்திரிகைகளில் பக்கத்திலேயே வரும் ‘தேசத்துரோகம்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா? இவற்றை முதன்முறையாக யோசிப்பவருக்காக இந்தக் கட்டுரை.

ஒரு வாக்குமூலத்தோடு தொடங்கிவிடுகிறேன். செய்தி அறையில் வேலை பார்த்த காலத்தில், ஆங்கிலச் செய்தியில் ‘செடிஷன்’ (அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் குற்றம்) என்று வந்தால் யோசிக்காமல் ‘தேசத்துரோகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். அது சரியான மொழிபெயர்ப்பு அல்ல என்று உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. பழைய சொல் கையருகிலேயே கிடந்தது: ராஜத்துரோகம்.

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். துரோகம் செய்ய வேண்டுமானால் முன்பே ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும். நண்பன்தான் நண்பனுக்குத் துரோகம் செய்ய முடியும். வழிப்போக்கன் செய்ய முடியாது. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே’ என்று ஊரில் சொல்வார்களே, அந்த இரண்டகம்தான் துரோகம். உண்டிருக்க வேண்டும், அந்த வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

விரோதத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. வரப்புத் தகராறில் இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாக விரோதிகளாக இருக்கலாம். அதில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. எதிரெதிராக நின்றால் போதும். நம் பஞ்சாங்கத்தின் அறுபது ஆண்டுகளில் ‘விரோதி’ என்றே ஓர் ஆண்டு உண்டு, கடைசியாக 2009 சித்திரையில் பிறந்தது. ‘துரோகி’ என்று ஓர் ஆண்டுக்குப் பெயர் வைக்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை போலும்.

ஆக, துரோகி உள்ளே இருப்பவன். விரோதி எதிரே நிற்பவன். ‘தேசவிரோதி’ என்று ஒருவரைச் சொல்லும்போது, இந்த நாட்டிலேயே பிறந்து, வரி கட்டி, ஓட்டுப் போடும் மனிதரைத் தூக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுகிறோம். ஒரு வகையில் துரோகி என்பதைவிடக் கடுமையான ஏச்சு இது. துரோகியிடமாவது ‘நம்மவன் இப்படிச் செய்தானே’ என்ற ஆதங்கம் மிச்சமிருக்கும்.

அடுத்தது, யாருக்கு எதிராக என்பது. ராஜாவுக்கா, அரசாங்கத்துக்கா, தேசத்துக்கா? குழப்பமெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதில்தான் இருக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்ற பிரிவு 1870-இல் சேர்க்கப்பட்டது. சட்டப்படி நிறுவப்பட்ட அரசின் மீது ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்ற உணர்வைத் தூண்டினால் குற்றம். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? 1897-இல் பாலகங்காதர திலகர் மீது பம்பாயில் நடந்த வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிக்கு விளக்கினார்: அதன் பொருள் ‘அன்பு இல்லாமை’தான் என்று. அதாவது அரசாங்கத்தின் மேல் பிறருக்குப் பாசம் இல்லாமல் ஆக்குவதே குற்றம். திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, விசுவாசமின்மையும் எல்லா வகைப் பகையுணர்வும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்று எழுதிவைத்தார்கள்.

1908-இல் இது தெற்கே வந்தது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மேடையில் பேசியதற்காகக் கைதானார்கள். நீதிபதி பின்ஹே, வ.உ.சி. பேசியதற்காக இருபது ஆண்டும், சிவாவுக்குத் துணை நின்றதற்காக இருபது ஆண்டும் தீவாந்தர தண்டனை (கடல் கடந்து நாடுகடத்துவது) விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அவர் மீதான குற்றச்சாட்டின் பெயர் ராஜத்துரோகம்.

வ.உ.சி.யை அன்று யாரும் ‘தேசத்துரோகி’ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. ராஜாவுக்குத் துரோகி என்று நீதிமன்றம் அறிவித்த அதே மனிதர் தெருவில் தேசாபிமானி. 1908-இல் இந்த இரண்டு சொற்களும் ஒரே ஆளுக்குப் பொருந்தின. ராஜா வேறு, தேசம் வேறு என்று திருநெல்வேலிச் சந்தையில் காய்கறி விற்றவருக்கும் தெரிந்திருந்தது.

1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி இதை இன்னும் கூர்மையாக்கினார். ‘யங் இந்தியா’வில் எழுதிய கட்டுரைகளுக்காக அவர் மீது அதே 124-ஏ. குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்கவும் முடியாது, ஒழுங்குபடுத்தவும் முடியாது என்றார். குடிமக்களின் சுதந்திரத்தை ஒடுக்குவதற்காக வைத்திருக்கும் அரசியல் பிரிவுகளில் இதுதான் இளவரசன் என்றும் சொன்னார். ஆறு ஆண்டுச் சிறை கிடைத்தது. ஸ்ட்ரேச்சியின் விளக்கத்துக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த பதில் என்றே இதை நான் படிக்கிறேன்.

பிறகு ராஜா கிளம்பிப் போனார். அரசியல் நிர்ணய சபையில் கே.எம்.முன்ஷி திருத்தம் கொண்டுவந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களின் பட்டியலிலிருந்து ‘செடிஷன்’ என்ற சொல்லை எடுக்க வைத்தார். 1951-இல் நேரு நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவை மிகவும் ஆட்சேபகரமானது, அருவருப்பானது என்றார். ஆனாலும் பிரிவு தண்டனைச் சட்டத்தில் அப்படியே கிடந்தது. அரசியல் சட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சொல் குற்றச் சட்டத்தின் கொல்லைப்புறத்தில் குடியிருந்தது. ராஜா இருந்த நாற்காலியில் அரசாங்கம் உட்கார்ந்தது; ‘ராஜ’ என்ற முன்னொட்டு பொருந்தாமல் போய், அந்த இடத்தில் ‘தேச’ ஒட்டிக்கொண்டது. யாரும் உத்தரவு போட்டு நடந்ததல்ல. எங்களைப் போன்ற செய்தி எழுதுபவர்கள் கைப்பழக்கத்தில் செய்தது. ஆனால் விளைவு சிறியதல்ல. அரசாங்கத்தைத் திட்டியவர் தேசத்தைக் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிட்டார், வெறும் மொழிபெயர்ப்பினாலேயே.

நீதிமன்றங்கள் இதைப் பிரித்துக் காட்ட முயன்றிருக்கின்றன. கேதார்நாத் சிங் என்பவர் 1953-இல் பிகாரின் பரௌனியில் பேசிய கூட்டத்தில் சி.ஐ.டி. போலீஸாரை நாய்கள் என்றும், ஆளும் காங்கிரஸாரைக் குண்டர்கள் என்றும் ஏசினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1962-இல் தீர்ப்பு வந்தது. பிரிவு செல்லும், ஆனால் வன்முறையைத் தூண்டும் அல்லது பொது அமைதியைக் குலைக்கும் தன்மையுள்ள பேச்சுக்கு மட்டுமே பொருந்தும். ஆட்சியை நடத்தும் ஆட்கள் வேறு, சட்டப்படி நிறுவப்பட்ட அரசு வேறு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இன்னொரு வழக்கை நான் புதியவர்களுக்கு எப்போதும் சொல்வதுண்டு. 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாள். சண்டிகரில் ஒரு திரையரங்குக்கு முன்னால் பல்வந்த் சிங்கும் இன்னொருவரும் காலிஸ்தான் என்ற தனிச் சீக்கிய நாட்டுக்கு ஆதரவாக முழக்கங்களை எழுப்பினார்கள். இதைவிடப் பதற்றமான நாளை, இதைவிட எரிச்சலூட்டும் முழக்கத்தைக் கற்பனை செய்வது கடினம். 1995-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இரண்டு பேர் சில தடவை முழக்கமிட்டார்கள், கூட்டம் எதிர்வினை காட்டவில்லை, எந்தக் கலவரமும் நடக்கவில்லை. இது ராஜத்துரோகம் ஆகாது. முழக்கம் சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பிடிக்காத சொல்லுக்கும் குற்றத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அளந்தது.

சரி, ‘தேசவிரோதி’ எப்போதுமே சட்டத்துக்கு வெளியேதான் இருந்ததா? இல்லை. சிறிது காலம் உள்ளே வந்துவிட்டுப் போனது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் நிறைவேறிய 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 31-டி என்ற பிரிவைச் சேர்த்தது. ‘தேசவிரோதச் செயல்’ என்றால் என்ன என்று அதில் வரையறையே இருந்தது. நாட்டின் ஒரு பகுதியைப் பிரிக்க முயல்வது, இறையாண்மையை மறுப்பது ஆகியவற்றோடு, இறையாண்மையைக் கேள்விக்குள்ளாக்குவது, உள்நாட்டில் குழப்பம் விளைவிப்பது, பொதுச் சேவைகளைச் சீர்குலைப்பது எல்லாம் பட்டியலில் வந்தன. வேலைநிறுத்தம் செய்கிற ரயில்வே ஊழியரையும் இதற்குள் இழுத்துப் போட்டுவிடலாம் என்று படிக்கிற யாருக்கும் தோன்றும். தேசவிரோதச் செயலைத் தடுக்கப் போடும் சட்டங்களை, சமத்துவ உரிமையையோ பேச்சுரிமையையோ மீறுவதாகச் சொல்லிச் செல்லாதவை ஆக்க முடியாது என்ற பாதுகாப்பும் கூடவே. ஜனதா ஆட்சியில் 43-ஆவது திருத்தம் வந்து, 1978 ஏப்ரலில் 31-டி நீங்கியது. 2021-இல் அமைச்சர் தந்த பதிலிலும் இந்தப் பழங்கதை குறிப்பிடப்பட்டிருந்தது.

இந்தச் சொல்லை இன்றைய ஆளுங்கட்சியின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களும், எதிர்க்கட்சிகள் கிளப்பிய பூதம் என்று நினைப்பவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வரையறை எழுதியது காங்கிரஸ் அரசு. 124-ஏ பிரிவில் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம் என்று ஆக்கியதும் இந்திரா காந்தி காலத்து 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான். ஆங்கிலேயர்கூட அந்த அளவுக்குப் போகவில்லை. 2016 பிப்ரவரியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் தலைவர் கன்னையா குமார் கைதானபோது ‘தேசவிரோதி’ அன்றாடப் பேச்சுக்குள் வெள்ளமாகப் புகுந்தது உண்மை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை வட்டார மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது அதே 124-ஏ பாய்ந்திருந்தது. அப்போது தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஆட்சி, மத்தியில் காங்கிரஸ் கூட்டணி. மீன்பிடித்துப் பிழைக்கும் ஊரில் வீட்டுக்கு வீடு ராஜத்துரோகிகள் என்றால், ராஜாவைப் பற்றித்தான் சந்தேகம் வர வேண்டும்.

வழக்குகளின் முடிவையும் பார்க்கலாம். உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2014 முதல் 2019 வரை 124-ஏ பிரிவில் பதிவான வழக்குகள் 326. தண்டனை பெற்றவர்கள் ஆறு பேர்.

மற்ற நாடுகளிலும் இப்படிச் சொற்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குத்துகிறது. அமெரிக்காவில் ‘அன்-அமெரிக்கன்’. இதில் துரோகமும் இல்லை, விரோதமும் இல்லை; ‘நீ அமெரிக்கனே அல்ல’ என்ற மறுப்பு. அந்நாட்டு அரசியல் சட்டம் தேசத்துரோகத்தை மிக இறுக்கமாக வரையறுத்திருக்கிறது: நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது, எதிரிகளோடு சேர்ந்து உதவுவது, அவ்வளவுதான், அதையும் ஒரே வெளிப்படைச் செயலுக்கு இரண்டு சாட்சிகள் வைத்து நிரூபிக்க வேண்டும். அந்தக் கதவு அவ்வளவு குறுகலாக இருந்ததால் பக்கத்தில் ஓர் அகலமான கதவைத் திறந்துகொண்டார்கள். ‘அமெரிக்கத்தன்மையற்ற நடவடிக்கைகளை’ விசாரிக்கப் பிரதிநிதிகள் சபை 1938-இல் ஒரு குழு அமைத்தது; 1945-இல் அது நிரந்தரக் குழுவானது, 1975-இல்தான் ஒழிந்தது. அந்தக் குழு முன் 1956-இல் நிறுத்தப்பட்ட கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன், நீங்கள்தான் அமெரிக்கத்தன்மை அற்றவர்கள், வெட்கப்பட வேண்டும் என்று உறுப்பினர்களைப் பார்த்தே சொன்னார். வரையறை இல்லாத சொல்லில் ஒரு வசதி: எடுத்தவர் பக்கமே திருப்பிப் பிடிக்கலாம்.

ஜப்பானில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ‘ஹிகொகுமின்’ என்றார்கள். ‘குடிமகன் அல்லாதவன்’ என்பது நேர்ப்பொருள். ஆடம்பரமே எதிரி என்று விளம்பரப் பலகை வைத்த காலம் அது. தலைமுடியைச் சுருட்டிக்கொண்ட பெண்ணும் அந்த வசையைக் கேட்க வேண்டியிருந்தது. நம்மிடம் ‘இந்தியன் அல்லாதவன்’ என்று ஒரு வசை ஏனோ உருவாகவில்லை. அந்த வேலையை ‘பாகிஸ்தானுக்குப் போ’ என்ற கட்டளை செய்துவிடுகிறது.

தமிழில் இந்தச் சொற்கள் மிக அதிகமாகக் காயப்படுத்தியது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில். அங்கே தமிழர்கள் இரண்டு பக்கமிருந்தும் அடிபட்டார்கள். 1983 ஆகஸ்ட்டில் வந்த ஆறாவது அரசியல் சட்டத் திருத்தம், பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று மக்கள் பிரதிநிதிகள் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். சிங்களத் தேசியவாதத்தின் அகராதியில் அவர்கள் தேசத்துரோகிகள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே தமிழ் அரசியலுக்குள் ‘துரோகி’ என்ற தனிச் சொல் உயிர் குடிக்கத் தொடங்கியிருந்தது. அப்போது கொழும்பில் ஆட்சியில் இருந்த சிறிலங்கா சுதந்திரக் கட்சியைச் சேர்ந்த யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா துரோகி என்று தூற்றப்பட்டு, 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தச் சொல்லுக்கு முன்னொட்டே தேவைப்படவில்லை. எதற்குத் துரோகி, யாருக்குத் துரோகி என்று கேட்க அவகாசம் இருக்கவில்லை. குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு மூன்றையும் ஒரே சொல் முடித்துவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இன்றும் விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். சென்னையில் தேநீர்க் கடையில் நாங்கள் அதைச் சாதாரணமாகப் புழங்குவதைக் கேட்டால் முகம் மாறிவிடும்.

செய்தி படிக்கும்போது உதவும் ஒரு வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். ‘தேசத்துரோக வழக்கு’ என்று தலைப்பைப் பார்த்தால் உள்ளே பிரிவு எண்ணைத் தேடுங்கள். பழைய சட்டத்தில் 121 என்றால் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தது. மரண தண்டனை வரை போகும் குற்றம். 124-ஏ என்றால் பெரும்பாலும் பேச்சு, எழுத்து, முழக்கம். எண்ணே இல்லாமல் ‘தேசவிரோதி’ என்று மட்டும் இருந்தால், அது யாரோ ஒருவரின் அபிப்பிராயம். அந்த யாரோ ஒருவர் யார் என்பது செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதுவும் இருக்காது.

இப்போது எண்களும் மாறிவிட்டன. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. போர் தொடுப்பது அதில் 147-ஆவது பிரிவு. மசோதா விவாதத்தின்போது உள்துறை அமைச்சர் அமித் ஷா, ராஜத்துரோகத்தை எடுத்துவிட்டுத் தேசத்துரோகத்தைக் கொண்டுவருகிறோம் என்றார். அரசாங்கத்தை விமர்சிப்பது இனிக் குற்றமல்ல, நாட்டுக்கு எதிரானதுதான் குற்றம் என்பது வாதம். இந்தியில் கேட்டவர்களுக்கு இரண்டு சொற்களின் வேறுபாடு புரிந்திருக்கும். தமிழில் நாங்கள் முன்பிருந்ததையே தேசத்துரோகம் என்று எழுதிப் பழகியிருந்தோம். தேசத்துரோகச் சட்டம் நீக்கம் என்று ஒரு செய்தி, தேசத்துரோகத்துக்குப் புதிய பிரிவு என்று இன்னொரு செய்தி; வாசகர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

புதிய 152-ஆவது பிரிவில் ‘அன்பு இல்லாமை’ போய்விட்டது. பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசகரமான நடவடிக்கைகள், பிரிவினை உணர்வை ஊக்குவித்தல், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு விளைவித்தல் ஆகியவை வந்திருக்கின்றன. மின்னணுத் தகவல் தொடர்பும் சேர்ந்திருக்கிறது. ஆயுள் தண்டனை அப்படியே இருக்க, அதற்கு மாற்றாக முன்பு மூன்று ஆண்டு வரை இருந்த சிறை இப்போது ஏழு ஆண்டு வரை. ‘நாசகரமான நடவடிக்கைகள்’ என்றால் என்ன என்பதற்கு அந்தப் பிரிவில் வரையறை இல்லை. ‘தேசவிரோதி’ என்ற சொல் இந்தப் புதிய பிரிவிலும் இல்லை.